தேசம்மாவின் குரல்

ஆகஸ்ட் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கக் காற்றில் சாம்பல். கொடியில் கிடந்த புடவையை மறுபடி அலச வேண்டும். விடைத்தாள் 40 பாக்கி. வாங்க: து. பருப்பு, ரீஃபில், தைலம்.

இதழ் வந்தது. மீனவர் நாவல் ஒன்றைப் படமாக்கியது பற்றிய என் விமர்சனம், வழக்கமான ஆண் புனைபெயரில், மூன்று பக்கம். மற்ற விமர்சகர்கள் 'திரையில் கவிதை' என்று உருகிவிட்டார்கள். எனக்கு அந்த மௌனம், இருட்டு, மழை எதிலும் நம்பிக்கை இல்லை. மீனவன் மனைவியாக வருபவளைப் பற்றி: 'மீன் ஏலத்தில் கத்திப் பழகியவள் கணவன் உடலின் முன் இப்படி முணுமுணுப்பாளா? யாரோ நாடக நடிகை. பாஷையைப் பாடம் பண்ணியிருக்கிறார்.' அச்சில் பார்க்கக் கொஞ்சம் கர்வம்.

ஆகஸ்ட் 12, வியாழன்

மீன்காரக் கஸ்தூரி. சங்கரா அரை கிலோ. செதில் சீவிக்கொண்டே தன் அக்கா தேசம்மாவைப் பற்றிச் சொன்னாள். காசிமேட்டில் மீன் விற்பவள். சினிமாவில் நடித்தாளாம். கேட்கக் கேட்கப் புரிந்தது. அதே படம், அதே மனைவி.

"எவனோ புக்ல எழுதிட்டானாம் டீச்சர், அக்கா பேசறது எங்க பேச்சே இல்லன்னு. வெளிநாட்டுக்கு அனுப்பற படத்துல வேற பொம்பள குரல் போடப் போறாங்களாம்."

அக்கா புருஷன் கடலில் போய் நாலு வருஷம். உடல் கரைக்கு வந்த அன்றைக்குப் பேசியது போலவே பேசு என்றாராம் டைரக்டர்.

"அன்னிக்கு அதுக்குத் தொண்டையே தொறக்கல டீச்சர்."

மீனைச் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 13, வெள்ளி

வகுப்பில் மனம் இல்லை. வடசென்னைப் பெண்களைத் திரையில் கத்த மட்டுமே விடுகிறார்கள் என்று இரண்டு கட்டுரை எழுதியவள் நான். ஒருத்தி கத்தாமல் பேசியதும் பொய் என்றுவிட்டேன்.

மாலை டெலிபோன் பூத்திலிருந்து இதழாசிரியருக்குப் போன், மறுப்புப் போடச் சொல்லி. சிரித்தார். விமர்சனம் ஒரு பார்வைதானே, மறுப்புப் போட்டால் இதழுக்கு என்ன மரியாதை என்றார். டைரக்டர் நம்பர் மட்டும் கொடுத்தார். குறித்துக்கொண்டேன். அவரை அழைக்கவில்லை. பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார் என்று எனக்கே ஒரு சாக்கு.

ஆகஸ்ட் 14, சனி

டைரக்டரிடம் பேசியாயிற்று. எழுதியது நான், எழுதியது தப்பு என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார். குரல் மாற்றும் வேலை நேற்று ராத்திரி முடிந்துவிட்டதாம்.

"நீங்க திருவொத்தியூர்க்காரங்க, அந்தப் பேச்சு தெரிஞ்சவங்கன்னு இதழ்ல சொன்னாங்க. அதனாலதான் நம்பினேன்."

நேற்று ராத்திரி.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தெருவெல்லாம் ஒலிபெருக்கி. லேசான தூறல். 56-ஆம் நம்பர் பஸ்ஸில் காசிமேடு. தேசம்மாவைத் தேடிப் பிடிக்க அரை மணி. என்னைவிட இளையவள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். மீன் அரிவதை நிறுத்தவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கொரலு குடுத்த அந்தப் பொம்பள நல்லா அழுவுதா?"

தெரியாது என்றேன்.

"அழுவட்டும். எனக்குத்தான் அன்னிக்கு வர்ல."