மேர்லினின் போர்வைக்குக் கரைப்பட்டி

கொழும்பு

அன்புள்ள செசீலியாவுக்கு,

ஆண்டவர் உன்னைத் தேற்றுவாராக. முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

1. என் சுகம்.
2. போர்வையின் ஓரத்தைச் சுற்றிக் கரைப்பட்டி தைக்கும் முறை.
3. நம் மகள் மேர்லினின் அடக்கத்துக்கு நான் வராத காரணம்.

சுகத்துக்குக் குறைவில்லை. நேற்று மெஷின் ஊசி விரலில் சற்று ஏறியது. பக்கத்தில் தைக்கும் அன்ரோ, "மாஸ்டர், விரலையும் சேத்துத் தைச்சா உறுதியா இருக்கும் எண்டு நினைச்சீங்களோ?" என்று சிரித்தான்.

மேர்லின் முடிக்காமல் விட்ட போர்வையை முப்பத்தோராம் நாள் பூசைக்குமுன் முடிக்க வேண்டும் என்றாய். பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடி. வெட்டிய ஓரங்களைப் போர்வையின் பின்பக்க ஓரத்தோடு சேர்த்து, கால் அங்குலம் விட்டுத் தை. மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே மடித்துக் கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தை. நாலு பக்கமும் முடிந்தபின் முன்பக்கம் திருப்பி, மடிப்போரமாக இன்னொரு தையல் போடு. இப்படித்தான் என்று நினைக்கிறேன்; முதலில் பழந்துணியில் தைத்துப் பார்.

என் பழைய மூக்குக் கண்ணாடியை இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. அவள் வெட்டியதில் மிஞ்சிய துணி இருந்தால், அதில் சுற்றி அனுப்பு.

மூன்றாவது, கடையில் லீவு தரவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, கடிதத்தைக் கொண்டுபோக ஆள் நிற்கிறார். ஆனால் மூன்றாவதாக எழுதியது பிழை, செசீலியா. லீவு தந்தார்கள். ஊருக்குப் புறப்பட்டு, கல்லடிப் பாலம் வரை வந்தேன். அவளைச் சேமக்காலைக்குக் கொண்டுபோகும் நேரம் கழியும்வரை வாவியைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

தோமஸ்