பின் சீட்டின் அளவு

மார்ச் 4, ஞாயிறு

நானும் என் பெண்டாட்டியும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு பைக்கில் போய்த் திரும்பினோம். இறக்கத்தில், மூன்றாவது வளைவில், வண்டி ஆடியது. நிஜமாகவே ஆடியது. பின்பக்கம் திரும்புகிறது, முன்பக்கம் நின்று யோசிக்கிறது. ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நேரானோம். எதிரில் ஒருத்தரும் வராதது எங்கள் நல்ல நேரம்.

அடிவாரத்தில் என் தோளைத் தட்டி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"இனிமே இந்த வண்டியில நான் ஏறமாட்டேன். நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ல வர்றேன்."

வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறவள், லீவு நாளிலும் பஸ்ஸில் வந்தாள். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தேன். கடைசி சீட்டிலிருந்து கண்ணாடி வழியாக ஒரு தடவை கையாட்டினாள். கோபமாக இருந்தால் கையாட்ட மாட்டாள். அப்போ இது கோபம் இல்லை, பயம்.

மார்ச் 5

வேறு யாராவது பயந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவள் தினமும் ஒரு பஸ் ஜனத்தை வளைத்துத் திருப்புகிறவள். "நின்னுட்டு வர்றவங்ககூட என் வண்டியில விழுந்ததில்ல" என்பாள். உண்மைதான்.

காலையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்: "பிரச்சினை வண்டியா, நானா?"

யோசித்தாள். யோசிக்கிறாளே!

"தெரியலைங்க."

ஒரு பொய் சொன்னால் குறைந்தா போவாள்? பகல் முழுக்க தையல் கடையில் ஊசி துணியைவிட என் விரலில்தான் அதிகம் குத்தியது.

மார்ச் 9

மச்சான் கடைக்கு வந்தான், பேன்ட் இடுப்பைத் தளர்த்த. என் பெண்டாட்டியின் தம்பி. அவனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. வண்டியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, டயர் தேஞ்சு நடுவுல சப்பையாயிடுச்சு. அதுவும் ஒல்லி டயர். பின்னாடி குண்டா ஒண்ணு போடுங்க, தரையைக் கவ்விக்கிட்டு போகும்."

தேய்ந்தது உண்மை. மீதியையும் நம்பினேன்.

மார்ச் 10

குண்டு டயர் போட்டாயிற்று. வண்டி ஜிம்முக்குப் போய் வந்த மாதிரி நிற்கிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அழகா இருக்கே!"

"ஏறு, ஒரு ரவுண்டு போவோம்."

"ம்ஹூம்."

மார்ச் 12

வண்டி ஆடவில்லை, சரி. திரும்பவும் மாட்டேன் என்கிறது! தெருமுனையில் சாய்ப்பதற்குள் கை வலிக்கிறது.

மெக்கானிக்கிடம் போனேன். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பதால் அவர் பெயரே எங்கள் வட்டாரத்தில் 'நாளைக்கு'தான். இன்று அதைக்கூடச் சொல்லவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்துச் சிரித்தார்.

"ரிம்மு எவ்ளோ அகலம், டயர் எவ்ளோ அகலம்? ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிடிச்சு, நடு மட்டும் கூம்பிக்கிட்டு நிக்குது பாருங்க. ஏன் சார், உங்க கடைல சட்டையை இப்படித்தான் தைப்பீங்களா?"

தையல்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? மானம் கப்பலேறியது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்பக்கம் பிரேக் பிடித்தால் தலைகுப்புற இறங்குவதையும் சொன்னேன். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைக் கழற்றி, அதற்குள் இருந்த எண்ணெயை வடித்தார். கறுப்பாகத் தண்ணீர் மாதிரி ஓடியது. மாற்றியே வருஷக்கணக்காகியிருக்கும் என்றார்.

மார்ச் 16

முன்னும் பின்னும் ரிம்முக்கு ஏற்ற அளவில் ஜோடி டயர். போர்க்கில் புது எண்ணெய், புது சீல். புது ரப்பர் முதலில் வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றார். தைத்து முடித்த கல்யாணக் கோட்டு கசங்காமல் கொண்டுபோகிற மாதிரி மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 21

மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தனியாக மலைக்குப் போனேன். மூன்றாவது வளைவு. சாக்பீஸ் கோட்டின் மேல் கத்தரி போகிற மாதிரி போனது! திரும்ப மேலே ஏறி இன்னொரு தடவை இறங்கினேன். சந்தோஷத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே பாட்டு. ராத்திரிச் சாப்பாட்டில் அவளிடம் எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொன்னேன்.

"சரி, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள். அப்பாடா.

மார்ச் 25, ஞாயிறு

ஏறினாள். மூன்றாவது வளைவில் வண்டி மறுபடி வெளிப்பக்கம் ஓடியது. போன தடவை அளவுக்கு இல்லை. ஆனால் ஓடியது. முன்சக்கரம் மிதக்கிற மாதிரி இருந்தது.

"பரவாயில்லைங்க" என்றாள்.

அந்தப் பரவாயில்லை இருக்கிறதே! திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தனியா போனா நல்லா போகுது. அவ ஏறினா ஆடுது. டயரும் புதுசு, எண்ணெயும் புதுசு. மிச்சம் பழசு நான் ஒருத்தன்தானே? அப்போ நான்தான். அவ பின்னாடி இருக்கிற பதற்றத்துல என் கைதான் தடுமாறுது போல. இனிமே எப்படிக் கூப்பிடுவேன்?

மார்ச் 26

வேலை ஓடவில்லை. ஒரு காலரைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன்.

மார்ச் 29

செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கிற ஒரு வாடிக்கையாளர், தைக்கக் கொடுத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். நின்றால் கனகச்சிதம். கண்ணாடி முன்னால் அப்படி இப்படித் திரும்பி, "பிரமாதம், கட்டிக் கொடுத்துடுங்க" என்றார். நான் விடவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, வாசிக்கிற மாதிரி கையை நீட்டச் சொன்னேன். முதுகுத் தையல் பிளக்கப் பார்த்தது.

"நிக்கிறதுக்கு யார் வேணாலும் தைப்பாங்க சார். நீங்க உட்கார்ந்துதானே..."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. ஊர் முழுக்க உட்காரவைத்து அளவெடுக்கிறேன். என் வண்டிக்கு? நான் ஒருத்தன் ஏறித்தான் பார்த்தேன், நான் ஒருத்தன் ஏறித்தான் மெச்சிக்கொண்டேன். அது இரண்டு பேர் போட்டுக்கொள்கிற கோட்டு அல்லவா!

அவர் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார், பாவம்.

ஏப்ரல் 1, ஞாயிறு

வண்டிக்கு உன்னையும் வைத்து அளவெடுக்க வேண்டும் என்றேன்; ஏப்ரல் ஃபூலா என்று தேதியைக் காட்டிச் சிரித்தாள். ஆனாலும் வந்தாள்.

மெக்கானிக் பட்டறையில் வண்டியின் மேல் இரண்டு பேரும் ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் உட்கார்ந்தோம். போட்டோ எடுக்க வந்தவர்கள் மாதிரி இருந்தோம். 'நாளைக்கு' என் டேப்பை வாங்கிப் பின்சக்கர அச்சிலிருந்து சீட் வரை பிடித்தார்.

"என் வெயிட்டைக் கேட்டா இறங்கிடுவேன்" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"வெயிட் வேணாம் மேடம். வண்டி எவ்ளோ இறங்குதுன்னு தெரிஞ்சா போதும்."

நான் மட்டும் உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்குகிறது. அவளும் ஏறினால் அப்படியே குந்திவிடுகிறது! பின்பக்கம் குந்தினால் முன்பக்கம் லேசாகி, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காதாம். பின்பக்கம் குலுங்காமல் தாங்குகிற ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கி, பின் டயரில் காற்றையும் கூட்டினார்.

"ஒத்தை ஆளுக்கு வச்ச ஷாக்குல இத்தனை நாள் ரெண்டு பேர் போயிருக்கீங்க."

"இது எனக்குத் தெரியுமே" என்றாள் அவள். "பஸ்ல பின்னாடி கூட்டம் ஏறினா ஸ்டியரிங் லேசாயிடும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "பின்ன ஏன் அன்னைக்கு தெரியலைன்னு சொன்னே?"

"வண்டியா, நீங்களான்னு கேட்டீங்க. ரெண்டும் இல்லையே. நான் ஏறினா என்ன ஆகுதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மெக்கானிக் திடீரென்று ஒரு போல்ட்டைத் தேட ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

ஏப்ரல் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகும்போது ஒரு கதையை ஆரம்பித்தாள். டிப்போவில் யாரோ அவளுடைய ஷிஃப்டை மாற்றிவிட்டார்களாம். திரும்பும்போது இறக்கத்திலும் அதே கதைதான். அவன் இப்படிச் சொன்னான், நான் விடுவேனா என்று காதருகே கத்திக்கொண்டே வந்தாள். நான் "ம்" கொட்டிக்கொண்டு ஓட்டினேன்.

கதை முடிந்ததும் கேட்டாள்: "அந்த மூணாவது வளைவு எப்போங்க வரும்?"

"அது போய் எவ்ளோ நேரமாச்சு!"

என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். ஜாக்கெட்டைத் தாண்டி அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 15, ஞாயிறு

அக்கா வீட்டு வாசலில் சாவியை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் போகுது. அடுத்த வாரம் நான் ஓட்டுறேன்."

ஏப்ரல் 22, ஞாயிறு

மறுபடி பட்டறை, மறுபடி டேப். இந்தத் தடவை பின் சீட்டில் நான். நான் அவளைவிடக் கனம் என்பதால் ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க" என்றாள் முன்னாலிருந்து. "அந்தத் தொப்பையையும் சேர்த்துத்தான் நான் தூக்கிட்டுப் போகணும்."

மலை இறக்கம். மூன்றாவது வளைவு. வண்டி துளிகூட ஆடவில்லை. பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பயத்தில் கத்தினது நான்.