துண்டுக்கு வெளியே ஒரு விலை

6-2-84, திங்கள்

கடும் பனி. பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். செருப்பு வார் மறுபடி அறுந்தது.

தபால் வழிப் படிப்பின் புதுக் கட்டு பேங்க் முகவரிக்கே வந்துவிட்டது. பாடம்: வணிக நெறி. கேஷியர் ராமலிங்கம் சார் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். காலில் புண் வந்தால் நெறி கட்டும், அதைத் தவிர வேறு நெறி தனக்குத் தெரியாதாம். பாஸ் செய்தால் இன்கிரிமென்ட் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்புறம் எதற்கு என்று டோக்கன் அடுக்கப் போய்விட்டார்.

மேனேஜர் (இனி மே.தான், கை வலிக்கிறது) வெள்ளிக்கிழமை சந்தைக்கு என்னையும் வரச் சொன்னார். ஃபீல்டு ஆபீசர் என்று பெயர்தான், இதுவரை ஃபைலைத் தவிர வேறு எதையும் மேய்த்ததில்லை. கடன் மாடு வாங்கித் தரும் நாள். முதல் பெயர் குன்னம் பக்கத்து அஞ்சலை. பருத்திக் காட்டில் கூலி வேலை. புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள்.

10-2-84, வெள்ளி

வெயில். சேலை முழுக்கச் சாணி. தலைவலி.

துண்டு வியாபாரம் என்று கேள்விப்பட்டதுதான், இன்று கண்ணால் பார்த்தேன். தரகரும் மாட்டுக்காரரும் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது. முடிந்ததும் தரகர் மே.யின் காதில் ஒரு தொகை சொன்னார். மே. கடன் தாளில் எழுதப் போனார். துண்டுக்குள் முடிந்த விலைதானா அது? கடவுளுக்குத்தான் வெளிச்சம். அஞ்சலை வேலியோரம் நிற்கிறாள். மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் கடன் கட்டப்போவது அவள்.

என் வாய் சும்மா இருக்குமா? துண்டை எடுத்துவிட்டு அஞ்சலை முன்னால் விலையைச் சொல்லுங்கள் என்றேன், சத்தமாக.

தரகர் கோபப்படவில்லை. "வாயால வெல சொல்றதுக்கு இது பாத்திரக் கடை இல்லீங்கம்மா" என்றார். மாட்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். மாடு போயே போய்விட்டது. வேறு தரகர் ஒருவரும் எங்கள் பக்கம் தலைவைக்கவில்லை.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அஞ்சலை வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், மடச்சி.

"கொட்டாய் போட்டு மொளக்குச்சி அடிச்சு வச்சிருக்கேன். எம் பொண்ணுங்க வழியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். ஒங்களுக்குச் சம்பளம் வந்துரும்ங்க. எனக்கு மாடு?"

நான் சேலையில் ஒட்டிய சாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் மே. திட்டவில்லை. மார்ச்சுக்குள் வாங்காவிட்டால் அவள் பெயர் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும், அப்போதும் கிடைக்கும் என்று உறுதி கிடையாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

11-2-84, சனி

அரை நாள். பாடக் கட்டைச் சுவரில் எறிந்தேன். பல்லி ஓடியது. பிறகு நானே பொறுக்கி எடுத்துப் படித்தேன்.

இரண்டாம் பாடம். ஒரு முடிவு யார் யாரைத் தொடும் என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டுமாம். எழுதினேன். தரகர், மாட்டுக்காரர், மே., பேங்க், நான். அப்புறம் அஞ்சலை. யாருக்காகச் சண்டை போட்டேனோ அவள் கடைசியில்! அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? தரகரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவமானமாக இருக்கிறது. நாளைக்குக் குன்னம்.

12-2-84, ஞாயிறு

போனேன். அஞ்சலை முகம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொடுத்தாள். கொட்டாய் சுத்தமாகப் பெருக்கியிருந்தது, வெறும் முளைக்குச்சி நடுவில். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கு எந்த மாடு வேண்டும் என்று கேட்டேன். உடனே சொன்னாள். வாலிகண்டபுரத்தில் அவள் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு செவலைப் பசு. நிறைசினை. போன ஈத்தில் இவளே கறந்திருக்கிறாள், உதைக்காது. அவர்களும் விற்கத் தயார்.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சந்தையில வாங்கினாத்தான் கடன்னு நெனச்சேங்க. என்னய யாரு கேட்டா?"

13-2-84, திங்கள்

மே.யிடம் சொன்னேன். சந்தையில்தான் வாங்க வேண்டும் என்று விதியே கிடையாது. சந்தை என்றால் ஒரே நாளில் எல்லாம் முடியும், அப்படியே வழக்கமாகிவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரிம்மா, போலாம். மாட்டு டாக்டருக்கும் சொல்லிடு" என்றார். நல்ல மனுஷர். அலுத்துப்போனவர், அவ்வளவுதான்.

செருப்பு தைத்தாயிற்று. மண்ணெண்ணெய் இன்னும் இல்லை.

17-2-84, வெள்ளி

வாலிகண்டபுரம். டாக்டர் பார்த்து நல்ல மாடு என்றார். விலை முடிந்ததும் மாட்டின் காதில் இன்ஷூரன்ஸ் வில்லை குத்தலாம் என்றார்.

விலை பேச உட்கார்ந்ததும் மாட்டுக்காரர் பழக்கதோஷத்தில் தோள்துண்டைக் கைமேல் போட்டு மே. பக்கம் நீட்டினார். மே. என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அஞ்சலைதான் பேசினாள். "மாமா, வாங்கப்போறவ நானு. துண்ட எடுத்துட்டு எங்கிட்டச் சொல்லுங்க."

பொம்பளையிடம் எப்படி என்று இழுத்தார். அவள் நகரவில்லை. துண்டு தோளுக்குத் திரும்பியது. வெயில் ஏறும்வரை பேரம். அப்பா, என்ன பேச்சு! மே. கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டார். சினை மாடு, அப்படியும் போன வாரம் தரகர் சொன்ன தொகையைவிடக் குறைவு. மே. எழுந்து அதைத் தாளில் எழுதினார். காது மட்டும் சிவந்திருந்தது.

5-3-84, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன். நெறியால் கண்ட பலன் என்ன என்றார் ராமலிங்கம் சார். நாலு பேர் கூடி முடிவு செய்யும் இடத்தில் யாரைக் கேட்காமல் விட்டோம் என்று தேடத் தோன்றுகிறது என்றேன். அதற்கு ஒரு படிப்பா என்றார். எனக்குத் தேவைப்பட்டதே!

மத்தியானம் அஞ்சலை. தூக்குவாளியில் வெல்லம் போட்டு வேகவைத்த சீம்பால். கிடேரிக் கன்றாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஏழாம் பாடம்: வாடிக்கையாளரிடம் அன்பளிப்பு கூடாது. வேண்டாம் என்று வாளியைத் தள்ளினேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"அன்னிக்கும் என்னயக் கேக்காமத்தான் பேசுனீங்க. இன்னிக்கும் கேக்காமத்தான் வேணாங்குறீங்க."

சுருக்கென்றது. சரி, எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"கன்னு போட்டா நாலு பேருக்குக் குடுக்கறதுதாங்க. அந்தத் தரகருக்கும் குடுத்துட்டுத்தான் வரேன்."

அதற்குள் ராமலிங்கம் சார் தட்டோடு வந்து நின்றார். மொதல்ல அவங்களுக்கு என்று என்னைக் காட்டினாள் அஞ்சலை.