நெடும்பாசேரியிலிருந்து வரும் கெஸ்ட்

இருதயம்,

ரிஞ்சுவைக் கூட்டிவர நானேதான் போகிறேன். டிராவல்ஸ்காரர் கொடுத்த டிரிப், மறுக்க முடியாது. "வேற டிரைவர அனுப்பச் சொல்லுங்க"ன்னு நேற்று நீ சொன்னதற்குத்தான் அப்படிக் கத்தினேன். கோபம் உன் மேல் இல்லை.

சாவி பக்கத்து வீட்டு அழகுத்தாயிடம் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு.

நம்மைக் கேட்காமல் கல்யாணம் பண்ணியவள், புருஷனோடு நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் வந்து இறங்கி, நேராக மூணாறு ரிசார்ட்டுக்குப் போகிறாளாம். நம் எஸ்டேட் லயத்து வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஏர்போர்ட் வாசலில் பிடிக்கிற போர்டில் மகள் பேரை நானே எழுதினேன். மூன்று அட்டை வீணாய்ப் போனது.

நேரியமங்கலம் தாண்டி மலை ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டேன்.

"அப்பா"ன்னு கூப்பிட்டால் வண்டியை லயத்துக்குத் திருப்புவேன். "டிரைவர்"னு கூப்பிட்டால் ரிசார்ட்டில் இறக்கிவிட்டு வருவேன். எதற்கும் சோறு கூடுதலாக வடித்து வை.

மத்தியாஸ்

மறந்துவிட்டேன்: நீயும் அவளும் போனில் பேசுவது எனக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் பேசாதே. டிரைவர் நான்தான் என்று தெரிந்தால் வேறு வண்டி பிடித்துவிடுவாள்.