சம்பந்தி வீட்டு வாசலில்

எந்நேரமும் வாசல் பார்த்தே உட்கார்ந்திருந்த என் தெய்வானைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ஃபிராங்க்பர்ட் என்று ஊர்ப் பெயர். நான் சொல்லச் சொல்ல நம் சாந்தாமணிதான் எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் திருத்தி, படித்தவர்கள் எழுதுகிற மாதிரி ஆக்கிவிடுகிறாள். ஆக்கட்டும். பெற்ற மகளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

கோயமுத்தூரில் ஏறி, பம்பாயில் இறங்கி, மறுபடி ஏறி, ராத்திரி முழுக்க வானத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பல்லடத்துக்காரர். பனியன் வியாபாரமாகப் போகிறார். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது.

"ஏனுங்க, மொதத் தடவைங்களா?"

"ஆமாங்க. சம்பந்தியப் பாக்கப் போறனுங்க. அவரு அந்த ஊர்க்காரரு."

"அடடா! பாசைக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"எனக்கு நம்ம பாசையிலயே பேச்சு வராதுங்க. எங்கூட்டு அம்மணி இருந்திருந்தா அவளே பேசியிருப்பா. பங்குனியில போயிட்டா."

அந்த மனுசன் எழுந்து, தன் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். வெளியே பார்த்தால் மேகம்தான், வெடித்த பஞ்சுக்காடு மாதிரி. உன்னை ஒருநாளும் ஜன்னல் பக்கம் உட்கார வைத்ததில்லை நான். பழனி பஸ்ஸில்கூட அந்த இடம் எனக்குத்தான். சரி, அதை விடு.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். "கலியாணத்துக்குத்தான் நாம போகல. நீங்களாச்சும் ஒருக்கா போயி, சம்பந்தி மொகத்தப் பாத்து ரெண்டு வார்த்த நல்லாப் பேசிட்டு வாங்க. நம்ம புள்ள அந்த ஊட்டுல தல நிமுந்து இருக்கோணும்." வேறொன்றும் கேட்கவில்லை நீ. இந்த ஒன்றுதான். அதை நான் செய்த லட்சணத்தைக் கேள்.

சாந்தாமணி காரில் கூட்டி வந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நாலு படி ஏறினால் வாசல். சம்பந்தி கதவைத் திறந்தார். நிலை உயரத்துக்கு ஆள், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார்.

வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை, தெய்வானை!

மேற்குத் தோட்டத்துக்காரர் நம் மேல் வரப்பு வழக்குப் போட்டிருந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ கேட்க நம் வாசலுக்கு வந்தார். நீ வாங்க என்று சொல்லி, தண்ணீரும் கொடுத்தாய். நான் குதித்தேன். "வழக்கு கோர்ட்டுல இருக்கட்டுமுங்க. வாசலுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம இருக்க முடியுமுங்களா?" என்றாய். அப்பேர்ப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் நான். கடல் தாண்டி வந்தவனுக்குத் தலையாட்டல்தானா?

பெட்டியைப் படியிலேயே வைத்து, வாசலுக்கு முதுகைக் காட்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, உள்ள வாங்க. இந்த ஊர்ல அப்பிடியெல்லாம் கூப்புட மாட்டாங்க. கதவத் தொறந்தாலே வாங்கன்னுதான் அர்த்தம்."

"நாய் பெராண்டுனாலுந்தான் கதவத் தொறக்கறாங்க."

"மானத்த வாங்காதீங்கப்பா!" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். ஏதோ ஜில்லென்று தோளில் பட்டது. மகள்தான் சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "வேண்டாங்கறேன்ல! இந்த ஊட்டுல பச்சத்தண்ணி பல்லுல படாது!" என்று கத்தி, முழங்கையை வீசிவிட்டேன்.

டங்கென்று விழுந்து, படியில் உருண்டு, என் செருப்பில் வந்து முட்டி நின்றது ஒரு எவர்சில்வர் சொம்பு. கழுத்தோரம் புள்ளி புள்ளியாய் வெட்டிய உன் பெயர். எனக்குப் படிப்பு வராது. ஆனாலும் உன் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். கல்யாணச் சீராக நீ அனுப்பிய சொம்பு.

திரும்பினேன். பேண்ட் எல்லாம் நனைந்துபோய் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்.

சாந்தாமணி ஓடி வந்தாள். "ஐயோ அப்பா! வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கோணும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். காத்தால இருந்து சொம்பக் கழுவிக் கழுவி வெச்சுட்டு இருந்தாரு!"

"வாங்கன்னு சொல்லறதுக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாமல்லோ?"

"எனக்கே மறந்துபோச்சுப்பா. இங்க என்னைய வாங்கன்னு ஆரு சொல்றாங்க?"

எனக்கு உடம்பே கூசிவிட்டது. தப்பு என்று சொல்லக்கூட இந்த ஊர் வார்த்தை ஒன்று தெரியாது. அந்த மனுசன் வலிக்கிற காலோடு குனிந்து சொம்பை எடுத்தார். சட்டைக் கையால் துடைத்தார். மறுபடி உள்ளே போனார். குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முடிவதற்குள் எனக்கு இன்னொரு நினைப்பும் வந்துவிட்டது.

நம் வாசலில் நான் மட்டும் என்ன செய்தேன்? யார் வந்தாலும் தலையை ஆட்டிவிட்டு மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் போய்விடுவேன். அடுப்படியிலிருந்து உன் குரல்தான் வாங்க வாங்க என்று முந்திக்கொண்டு வரும். நீ போன பிறகு வந்தவர்கள் எத்தனை பேர் என் தலையாட்டலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்களோ? எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ?

அவர் சொம்போடு வந்தார். நான் எழுந்து நின்றேன். கை தானாகக் கூடியது. வாயில் வந்தது உன் வார்த்தைதான்.

"வாங்க... வாங்க."

"அவரு ஊட்டு வாசல்ல நின்னுட்டு அவரையே வாங்கங்கறீங்களேப்பா!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள் நம் மகள். அவரும் "வாங்கா" என்று இழுத்துச் சொல்லிப் பார்த்தார். தண்ணீரை நின்றபடியே குடித்தேன். பிறகுதான் உள்ளே காலை வைத்தேன். நீ சொன்ன ரெண்டு வார்த்தை இதுதானா, தெய்வானை? கணக்கில் சேர்த்துக்கொள்வாயா?

ஊர் திரும்பியதும் நம் வாசலுக்கு யார் வந்தாலும், மேற்குத் தோட்டத்துக்காரரே வந்தாலும், உன் குரல் வந்த இடத்தில் என் குரல் வரும். திரும்பிப் போகும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? மாப்பிள்ளை கார் வந்து நிற்கிறது. எழுதினது போதும் என்று மகளிடம் சொல்கிறேன். அவர் படியேறுவதற்குள் நான் வாசலுக்குப் போயாக வேண்டும்.

சாந்தாமணியின் அப்பன்,
உன் மாமன் சென்னியப்பன்