லீவர்களில் நீ ஒட்டிய பொட்டு

இன்றும் ஷெட்டுக்குள் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. ஆயுத பூஜைக்கு உன் வீட்டுக்காரர் மெஷினைத் துடைத்த வாசனை அது. ஷட்டரைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கிறது, உடனே எனக்குக் கை பரபரக்கிறது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டீ வாங்கி வந்து, ஆறவிட்டு, அதையும் கொட்டிவிட்டு இதை உனக்கு எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பூஜைக்கு முந்தின நாள் நான் ட்ராயிங் வாங்க ஒரகடம் போயிருந்தேன். சாவி அண்ணனிடம், அதான் உன் வீட்டுக்காரரிடம், இருந்தது. கம்பெனி பஸ் ஓட்டி இறங்கிய மனுஷர், நேரே இங்கே வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பழைய துணியும் மண்ணெண்ணெயுமாகத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறார். சாவு விழுந்து வருஷம் திரும்பாமல் பூஜை ஏது என்று பக்கத்து ஷெட்டில் கேட்டார்களாம். "தீட்டு வூட்டுக்குத்தான். மெஷினுக்கு இன்னா தீட்டு?" என்றாராம். நான் திரும்பி வந்தபோது மெஷின் புதுசாக மின்னியது. எல்லா லீவரிலும் சந்தனம், குங்குமம். நீ ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றுகூட இல்லை.

லீவர் லீவராகத் தடவித் தேடினேன்.

பென்னலூரில் இந்த ஷெட்டைப் பிடித்து, மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து இரும்பைச் செதுக்கும் இந்த மில்லிங் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரே லைனில் பக்கம் பக்கமாக நின்று, ஒரே திருகை நாள் முழுக்க முறுக்கிச் சலித்தவர்கள் நாம். இத்தனை கைப்பிடி உள்ள ஒன்று நமக்கே நமக்கென்று வந்ததும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஆனால் எந்தக் கைப்பிடி எதற்கு என்று தெரியவில்லை. தகடுகளில் எழுத்து பாதி தேய்ந்து போயிருந்தது. மீதி ஏதோ வெளிநாட்டு எழுத்து. விற்றவருக்கோ, கரண்ட் கொடுத்தால் ஓடும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நான் மூடியைத் திறந்து, எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது என்று படம் போட உட்கார்ந்தேன். உனக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஓடிக்கொண்டிருந்த மெஷினில் ஒரு லீவரை இழுத்துவிட்டாய். உள்ளே பல்லும் பல்லும் உரசிக் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. வேகம் மாற்றும் லீவரை மெஷின் நின்ற பிறகுதான் தொட வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றோம். நீ கொஞ்சமும் அசரவில்லை. நெற்றியிலிருந்த சிவப்புப் பொட்டைப் பிய்த்து அந்த லீவரின் தலையில் ஒட்டினாய்.

பிறகு பொட்டு அட்டையே வந்தது. சிவப்பு என்றால் நிறுத்திவிட்டுத் தொடு. பச்சை என்றால் ஓடும்போதும் தொடலாம். வேகம் காட்டும் வட்டத்தில் அலுமினியத்துக்கு ஒரு மஞ்சள், இரும்புக்குக் கல் வைத்தது. எண்ணெயில் ஊறி உதிர்ந்துவிடாமல் மேலே நகப்பூச்சு வேறு. வலது பக்கம் கீழே ஒரு கைப்பிடி இருந்தது. அதை மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் கறுப்புப் பொட்டு வைத்தாய். "தெரியாததுல கைய வெக்காத. அது பாட்டுக்கு இருந்துனு போட்டும்" என்றாய்.

வேகம், வெட்டின் ஆழம் பார்த்து மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் எல்லாம் உன் பாடு. அளவு பார்ப்பதும், ட்ராயிங் வாசிப்பதும், கம்பெனி கம்பெனியாக அலைவதும் என் பாடு. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் மெஷின் மேஜையைப் பழைய இடத்துக்கு நீதான் கையால் சுற்றிக் கொண்டுவருவாய். அதில் உன் வலது தோள் போயே போயிற்று. தைல வாசனை இல்லாத உன்னை நான் கடைசியில் பார்க்கவே இல்லை.

காய்ச்சல் என்றுதான் படுத்தாய். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு உன் பொட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலை தெரிந்து ஓட்டவில்லை. இப்போது பொட்டும் இல்லை. கையில் புது ஆர்டருக்கான ட்ராயிங். பூஜை லீவு முடிந்ததும் சாம்பிள் கொடுக்க வேண்டும். அது தேறாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, மறுபடி அந்த லைனில் போய் நிற்க வேண்டியதுதான்.

பஸ் பிடித்துக் குன்றத்தூரில் உன் வீட்டுக்குப் போனேன். அண்ணனை நாலு வார்த்தை கேட்டுவிடுவது, எது எங்கே இருந்தது என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் கண்ணாடி தெரிந்தது. குளிக்கப் போகும்போது பொட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவாயே, அந்த வரிசை அப்படியே இருந்தது. அதன் கீழே, எண்ணெய்க் கறையும் நகப்பூச்சுமாக, நம் மெஷின் பொட்டுகள். விழாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பசை தடவி ஒட்டியிருந்தார்.

"வூட்லதான் கண்ட எடத்துல ஒட்டுவானு பாத்தா, மெஷினக்கூட வுட்டு வெக்கலமா. தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். "நல்லா வச்சிருக்கீகண்ணே. அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் எடுத்த எடுப்பிலேயே வேகத்தைத் தப்பாகப் போட்டு ஒரு கட்டரை உடைத்தேன். உன்னைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன், மெஷினைச் செய்த அந்த வெளிநாட்டுக்காரனையும் விடவில்லை. பிறகு மூடியைத் திறந்து, பழையபடி சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டிப் பார்த்து, ஒவ்வொரு லீவராகப் பிடித்தேன். மேஜையைத் தானாக நகரும்படி போட்டுவிட்டு அடுத்ததைத் தேடிய கை, நீ கறுப்புப் பொட்டு வைத்த அந்தக் கீழ்க் கைப்பிடியைத் தூக்கிவிட்டது. மேஜை விர்ரென்று அந்தக் கோடிக்கு ஓடியது. உயிரே போய்விட்டது எனக்கு. கையை விட்டேன், நின்றது. திசையை மாற்றிப் போட்டு மறுபடி தூக்கினேன். கிளம்பிய இடத்துக்கு வந்து நின்றது.

மேஜையை வேகமாகத் திருப்பி அழைத்து வருவதற்கென்றே அதை வைத்திருக்கிறான், அடி பாவி. மேஜை ஓடாதபோது மட்டும் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, உபயோகமில்லை என்று ஒதுக்கிவைத்தோம். இத்தனை வருஷம் நீ கையால் சுற்றியதெல்லாம் வீண். எத்தனை டப்பா தைலம்! நான் தனியாக நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட் ஆள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அழுகையாக மாறியதை அவர் பார்க்கவில்லை.

சாம்பிளை நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குவாலிட்டியில் இருந்த ஆள் அளந்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி அளந்தார். ஓகே என்று பக்கத்தில் வைத்துவிட்டு, செட்டிங் போட்டது யார் என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

நாங்கள் என்றே சொல்லிப் பழகிய வாய் அது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், அந்த ஆள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆர்டர் நமக்குத்தான். திங்கட்கிழமையிலிருந்து வேலை. சந்தோஷமாக இருக்க வேண்டும், இருக்க முடியவில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் கிடந்து அடித்துக்கொண்டேன். இப்போது உனக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்ல முடியாமல்தான் காலையிலிருந்து இந்த ஷெட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.