நான்காம் பொருள்

பிப்ரவரி 6

பாப்பா அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஓரளவு தூங்குகிறேன் என்று எழுதுகிறேன். உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? மார்ச்சில் வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் பல தடவை படித்துவிட்டேன். நீ போனதிலிருந்து வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை சமையலறைக் குழாய்தான், சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டே இருந்தது. நேற்று ஆள் கூப்பிட்டு அதன் வாயையும் அடைத்தாயிற்று. பாப்பாவின் அலமாரியை நீ சொன்னபடி தொடவில்லை.

அகராதி வேலை 'சொ' வரிசைக்கு வந்துவிட்டது. 'சொத்து' என்ற சொல்லை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆஸ்தி, உடைமை, செல்வம், தனம், நிதி, திரு, பொக்கிஷம் என்று இனச்சொற்கள் வால் மாதிரி நீள்கின்றன. பழைய தமிழில் மாடு என்றாலும் செல்வம்தான். அதைச் சொன்னதும் எதிர்மேசைக் கண்ணாடிக்காரர், "அப்ப நம்ம சம்பளத்துக்குக் கன்னுக்குட்டின்னு போட்ருங்க சார்" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். உடனே உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

வீடு, நிலம் ஒரு பொருள். பணம், நகை இன்னொன்று. பெருமை தேடித் தருகிற ஆள் மூன்றாவது. நான்காவதாக, 'விலை ஏதும் பெறாவிட்டாலும் ஒருவர் போற்றிக் காப்பது' என்று எழுதிக்கொண்டுபோனேன். தலைமைப் பதிப்பாசிரியரான பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜனங்க அப்படிச் சொல்றாங்கன்னு நீ சொன்னா ஆச்சா? சான்று எங்கய்யா?" என்றார். யாராவது உண்மையிலேயே பேசிய ஒரு வாக்கியமாவது இல்லாமல் எங்கள் அகராதியில் ஒரு பொருளும் ஏறாது. என்னிடம்தான் ஒன்று இருந்ததே.

புரூஃப் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான்காவது பொருளைப் பார். பெயர் போடவில்லை. ஆனால் நம் பாப்பா இனிமேல் புத்தகத்தில் இருப்பாள், யாராலும் எடுத்துக்கொண்டு போகமுடியாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
பாப்பா அப்பா


பிப்ரவரி 13

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் தையல் கடைக்கே வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிரித்தேன். அதற்குமேல் தைத்த ஆம்பிளைச் சட்டைக்குக் காஜாவை வலப்பக்கம் வெட்டிவைத்துவிட்டேன். "கண்ணை எங்கம்மா வச்சிருக்கே?" என்று கடைக்கார அம்மா கேட்டார்.

'என் சொத்துகள் அனைத்தும் உன்னிடம் இருக்கட்டும். நான் திரும்பி வந்து பெற்றுக்கொள்கிறேன்.'

யார் பேசியது இது? ஏழு வயசுக் குழந்தையா, கோர்ட்டு வக்கீலா?

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியதும் பிஸ்கட் டப்பாவை என் மடியில் வைத்து அவள் சொன்னது அது. என்னிடம் சொன்னது. நீங்கள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாம் முடிந்தபிறகு, நெஞ்சு தாங்காமல் உங்களிடம் சொல்லி அழுதேன். புருஷன் என்று நினைத்துச் சொன்னேன். சான்று சேர்க்க வந்தவர் என்று தெரியாது.

டப்பா என்னிடம் இருக்கிறது. பித்தான்களும் பென்சில் துண்டும் அறுந்த வாட்ச் பட்டையும் அப்படியே இருக்கின்றன. அதற்குமேல் அவள் எனக்கு விட்டுப்போனது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதையும் எடுத்தீர்கள். எடுத்ததோடு விட்டீர்களா, தப்புத் திருத்திவேறு வைத்திருக்கிறீர்கள்.

பாப்பா அம்மா


பிப்ரவரி 18

பாப்பா அம்மாவுக்கு,

உன் கோபம் நியாயம். ஆனால் என் பக்கத்தையும் கேள். சான்று வாக்கியங்கள் எழுத்துத் தமிழில்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். மந்திரி பேசினாலும் மாடு மேய்ப்பவர் பேசினாலும் திருத்தித்தான் போடுவோம். பள்ளிக்கூடப் போட்டோவுக்கு அனுப்பும்போது அவள் காலரை இழுத்துச் சரிபண்ணுவாயே, அப்படித்தான் நினைத்துச் செய்தேன். குறை காணச் செய்யவில்லை.

அந்த வாக்கியத்தை எடுத்தால் நான்காவது பொருளும் போய்விடும். அவள் டப்பாவில் போற்றி வைத்திருந்ததற்கெல்லாம் அகராதியில் இடமே இல்லாமல் போகும். நீ தையல் வேலையை விடாத மாதிரி எனக்கும் பிடித்துக்கொள்ள இந்த ஒன்றுதான் இருக்கிறது. மனசை ஆறப்போட்டு எழுது.

பாப்பா அப்பா


பிப்ரவரி 23

பாப்பா அப்பாவுக்கு,

ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன். எடுத்துவிடுங்கள். எடுத்தால் மார்ச்சில் வருகிறேன். எடுக்காவிட்டால், அந்தப் புத்தகம் இருக்கிற வீட்டில் எனக்கு என்ன வேலை?

அவள் நிஜமாகச் சொன்னதை இங்கே எழுதிக்காட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம். அதற்கும் ஒரு அரைப்புள்ளி வைத்துவிடுவீர்கள்.

பாப்பா அம்மா


மார்ச் 4

பாப்பா அம்மாவுக்கு,

எடுத்தாயிற்று. அந்தப் பக்கம் அச்சுக்குப் போயிருந்தது. நானே அச்சகத்துக்கு ஓடி நிறுத்திவைத்தேன். பெரியவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "அழுதுகிட்டே போட்டே, இப்ப அழுதுகிட்டே எடுக்கறே. எடுத்துக்கய்யா" என்று சொல்லி, நான்காவது பொருளை அவர் கையாலேயே அடித்தார். இப்போது 'சொத்து' என்றால் மூன்றே பொருள்தான். மிஞ்சிய இடத்தில் இன்னும் சில இனச்சொற்களைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். பார்த்தால் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியாது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அச்சகத்திலிருந்து நடந்துவரும்போது, வராந்தாவில் நீ சொன்ன மாதிரியே அதை ஒருதரம் மனசுக்குள் சொல்லிப்பார்த்தேன். வரவில்லை. ஒவ்வொரு புரூஃபையும் கண்ணாடிக்காரர் வாய்விட்டு வாசிக்க நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது பெற்றுக்கொள்கிறேன் என்றுதான் வருகிறது. குரல்கூட அவளுடையதாக இல்லை, கண்ணாடிக்காரருடையது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வந்ததும் ஒரே ஒரு தடவை சொல். திருத்தமாட்டேன். எங்கேயும் எழுதவும் மாட்டேன். காதால் கேட்டால் போதும். எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது, ஸ்டேஷனில் நிற்கிறேன்.

பாப்பா அப்பா


மார்ச் 15

உங்களுக்கு,

நான் கேட்டதற்காக எடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வருவதாகத்தான் இருந்தேன். கடையில் சொல்லி, கணக்கு முடித்து, துணிமணியெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். அக்கா வழிக்குச் சாப்பாடு கட்டித் தருவதாகச் சொன்னாள்.

டப்பாவைப் பெட்டிக்குள் வைக்கும்போது, வீட்டுக்குள் நுழைந்ததுமே நீங்கள் கேட்பீர்களே, ஒருதரம் சொல்லிப்பார்த்துக்கொள்வோம் என்று வாயைத் திறந்தேன். 'அனைத்தும்' என்று வந்தது.

பதறிப்போய் மறுபடி சொல்லிப்பார்த்தேன். வாங்கிக்கறேன்னு சொன்னாளா, எடுத்துக்கறேன்னு சொன்னாளா? முதலில் அம்மான்னு கூப்பிட்டாளா, இல்லை கடைசியிலா? எப்படி ஆரம்பித்தாலும் உங்கள் வாக்கியத்தில்தான் போய் முடிகிறது. அக்காவைக் கேட்டேன். "எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேடி" என்றாள். நிஜம்தான். உங்கள் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அது எரிந்ததே தவிர, தலைக்குள் இருப்பது போகவில்லை. மறுபடி கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. பெற்ற பாசத்தில் செய்தீர்கள், எனக்கே தெரிகிறது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் எழுதினதுதான் கேட்கும். தினம் காலையில் எழுந்து அதைக் கேட்டுக்கொண்டு என்னால் குடும்பம் நடத்த முடியாது. இங்கே இருந்தால், மெஷின் சத்தத்தில் நான் எதையும் நினைக்காமல் இருக்கும்போது, அவள் சொன்ன மாதிரியே ஒருநாள் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வந்தாலும் உங்களுக்கு எழுதமாட்டேன். ஸ்டேஷனில் நிற்கவேண்டாம்.

பாப்பா அம்மா